நாகரிகம் யாருடைய கையால் வந்தது?

(பொங்கலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



ஆற்றங்கரை நாகரிகங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும், பஸ் நிறுத்தத்தில் ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, ஆறே இல்லாத ஊர்ல வந்து ஆத்தங்கரையைப் பத்திப் பேசி என்னங்க ஆகப் போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொங்கலூரில் ஆறு கிடையாது. நம் காடுகளுக்கு வருவது பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணீர். அதுவும் மண்டலம் மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிற தண்ணீர். ஆனால் தோழர்களே, நான் சொல்ல வந்த சங்கதி அந்த வாய்க்காலிலேயே இருக்கிறது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முறை வந்த அன்று இராத்திரி மடையில் என்ன நடக்கிறது? கடைமடைக்காரன் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடியக் கரையில் நடக்கிறான். மேல்மடைக்காரன் சந்தடியில்லாமல் நாலு கூடை மண்ணைத் தள்ளி மடையைத் திறந்துவிடுகிறான். காலையில் வாய்ச்சண்டை, பிறகு கைச்சண்டை. கடைசியில் பாசன சபையைக் கூட்டி, இன்ன காட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதி, காவலுக்கு ஓர் ஆளையும் போடுகிறார்கள். ஐயாயிரம் வருஷங்களுக்கு முன் யூப்ரட்டீஸ் நதிக்கரையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கடவுள் வந்து நாகரிகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தண்ணீரைப் பங்கு போடத் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்ட மனிதன், பங்கு போடக் கற்றுக்கொண்டான். அந்தப் படிப்பில் ஒரு பகுதிக்குத்தான் நாகரிகம் என்று பெயர்.

இப்போது இராக் என்று சொல்லுகிற தேசத்தின் தென்பகுதியில் மழை மிகக் குறைவு. டைக்ரீஸ், யூப்ரட்டீஸ் என்ற இரண்டு ஆறுகளிலும் வெள்ளம் வருவது சித்திரை, வைகாசியில். அதாவது பயிர் முற்றி அறுப்புக்கு நிற்கிற சமயத்தில். வேண்டாத வேளையில் வருகிற தண்ணீரைக் கரை போட்டுத் தடுக்க வேண்டும், வேண்டிய வேளைக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவர வேண்டும். இது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா? பல ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள், வெட்டினார்கள், விளைந்தது. தின்று மிஞ்சிய தானியத்துக்குக் களஞ்சியம் வேண்டியதாயிற்று. களஞ்சியம் பெரும்பாலும் கோவிலில் இருந்தது. சாவி கோவிலை நடத்தினவர்களிடம் இருந்தது. உருக் என்ற நகரத்தில் கி.மு. 3200 வாக்கில் களிமண் பலகைகளில் எழுதத் தொடங்கினார்கள். அதில் என்ன எழுதினார்கள் என்கிறீர்கள்? மந்திரமா, தோத்திரமா? பெரும்பாலும் கணக்கு! எத்தனை ஆடு, எத்தனை மரக்கால் வாற்கோதுமை, யாருக்கு எவ்வளவு படி அளந்தது என்ற கணக்கு. எழுத்து என்பது கலைமகள் நாவில் பிறந்ததென்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். பூமியைத் தோண்டிப் பார்த்தால் அது கணக்குப்பிள்ளையின் மேஜையில் பிறந்ததாகத் தெரிகிறது.

அந்தக் கணக்குகளில் நம் திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கி.மு. 2100, 2000 அளவில் ஊர் என்ற நகரத்து அரசர்கள் ஆண்ட காலத்தில், துணி நெய்வதற்கென்றே ஆயிரக்கணக்கான பெண்கள் பெரிய பட்டறைகளில் வைக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளும் கூடவே. கூலி பணமல்ல, தானியம். பொதுவாக ஆண் கூலிக்கு மாதம் சுமார் 60 லிட்டர் வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. நாலாயிரம் வருஷம் கழிந்த பின்பும் பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிற ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் எப்படி என்று இங்கே இருக்கிற தாய்மார்களையே கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்வானேன்?

எகிப்து தேசத்துச் சங்கதியும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நைல் நதி எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கக் கல்லில் கோடு வெட்டிய அளவுப் படிகள் அங்கே உண்டு. அநேகமாக அவை கோவிலைச் சேர்ந்தவை. வெள்ளத்தின் அளவைப் பார்த்தால் விளைச்சல் தெரியும். விளைச்சல் தெரிந்தால் எவ்வளவு வரி போடலாம் என்று தெரியும். கோடு பார்க்கத் தெரிந்தவன் உள்ளே, உழுகிறவன் வெளியே. பாமரனுக்கு வெள்ளம் தெய்வ சங்கற்பம். உள்ளே இருந்தவனுக்கு அது முழக்கணக்கு.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1921-இல் ஹரப்பாவில் தயாராம் சாஹ்னியும், அடுத்த வருஷம் மொகஞ்சதாரோவில் ராகல்தாஸ் பானர்ஜியும் தோண்டினார்கள். 1924-இல் ஜான் மார்ஷல் என்பவர் உலகத்துக்குத் தெரிவித்தார். அதற்கு அநேக வருஷங்கள் முன்பே லாகூர்-முல்தான் ரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பாவின் செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளித் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியாகிவிட்டது! மிஞ்சியதைப் பார்த்தே உலகம் வியக்கிறது. கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த அந்த நகரங்களில் ஒரே அளவான செங்கல், ஒரே கணக்கான எடைக்கல், வீட்டுக்கு வீடு குளிக்கும் அறை, தெருவுக்குத் தெரு மூடிய சாக்கடை. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுப் பருத்தித் துணி கிடைத்தது. மஞ்சிட்டி வேரால் சிவப்புச் சாயம் ஏற்றிய துணி. சாயத் தொட்டியில் கை வைத்த தோழர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலுக்கு வயது நாலாயிரத்துக்கு மேல்.

அங்கே ஒரு சாண் உயரத்தில் தாடி வைத்த ஒரு கல் பொம்மை அகப்பட்டது. உடனே அதற்குப் "புரோகித அரசன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் புரோகிதன் என்று யார் சொன்னது? அரசன் என்று யார் சொன்னது? ஒருவரும் இல்லை. தெளிவாக அரண்மனை என்றோ கோவில் என்றோ சொல்லத்தக்க கட்டடம் இன்றுவரை அங்கே அகப்படவில்லை. ஆனாலும் புரோகிதனும் ராஜாவும் இல்லாமல் ஓர் ஊர் நடக்கும் என்று நினைக்கப் படித்தவர்களுக்கே மனம் வரவில்லை! அதே தராசில் நம்மையும் நிறுத்துக்கொள்ள வேண்டும். சிந்து எழுத்தை நான் படித்துவிட்டேன், அது சமஸ்கிருதம் என்கிறார் ஒருவர். தமிழ் என்கிறார் இன்னொருவர். எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இதுவரை ஒருவரும் படிக்கவில்லை. படிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. நமக்கு இனிக்கிற முடிவாயிருந்தாலும் சரி, ருஜு இல்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சிந்து எழுத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். நம் பக்கத்து எழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வைகைக் கரையில் கீழடி பேர் பெற்றுவிட்டது. 2019-இல் வெளியான அறிக்கை அதன் காலத்தை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோயிற்று. ஆனால் நம் நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்றொரு ஊர் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேர் வந்த ஊர் அது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னால் மற்றவர்களும் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலை, எஃகு செய்த மூசை, நூல் நூற்ற தக்களிக் குண்டு, சங்கு அறுத்த வளையல், நீலக்கல், பளிங்கு, பச்சைக்கல் ஆகியவற்றைத் தீட்டித் துளையிட்ட பட்டறை எல்லாம் வெளிவந்தன. பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. இங்கிருந்து சைக்கிளில் போய்வரலாம். அந்தக் கல்லுக்கு ரோமாபுரிச் சீமாட்டிகள் ஆசைப்பட்டார்கள். இதே நொய்யல் ஓரத்து வெள்ளலூரில் ரோமாபுரி வெள்ளிக்காசு குவியலாக அகப்பட்டது. அப்போதே நம் பக்கம் ஏற்றுமதிப் பக்கம்தான்.

இவை எல்லாவற்றையும்விட என் மனதைத் தொட்டது பானை ஓடு. நூற்றுக்கணக்கான ஓடுகளில் கீறிய தமிழி எழுத்துக்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அந்த ஊரின் காலத்தை கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்கும் முன்னால் கொண்டுபோகிறார்கள். என்ன கீறியிருக்கிறது? கண்ணன், ஆதன், சம்பன், சுமனன் என்று ஆட்களின் பெயர்கள். கொல்லனும் கல்லறுப்பவனும் தக்களி சுற்றுபவளும் குடியிருந்த மேட்டில், சோற்றுப் பானையில் பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பானையைச் செய்த மனிதனின் பேரப்பிள்ளைகளைத்தானே பின்னால் "உனக்குப் படிப்பு விதிக்கப்படவில்லை" என்று ஒதுக்கினார்கள்? பத்தாவதோடு நின்று, இரவல் புத்தகத்தில் படித்தவன் நான். அந்த ஓட்டின் படத்தை முதலில் பார்த்த அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் கொடுமணலில் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நான் புளுக மாட்டேன். அங்கே ஒரு கல்லறையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. எத்தனையோ குழிகளில் வெறும் சட்டி பானை. மணி துளைத்தவனுக்கும் மணி அணிந்தவனுக்கும் அன்றே வித்தியாசம் வந்துவிட்டது.

இனி உப்புக் கதை. தென் இராக்கில் நூற்றாண்டுக் கணக்கில் வாய்க்கால் பாய்ச்சினார்கள், வடிகால் போதவில்லை. தண்ணீர் ஆவியாகப் போயிற்று, உப்பு மண்ணில் தங்கிற்று. கோதுமை குறைந்தது. உப்பைக் கொஞ்சம் தாங்குகிற வாற்கோதுமை மிஞ்சிற்று. பிறகு அதுவும் இளைத்தது. அந்நகரங்கள் நலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிற ஆராய்ச்சிக்காரர் உண்டு. முழுவதும் அதனால் அல்ல என்று மறுப்பவர்களும் உண்டு. நான் இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு ஊர் நகரம் தோன்றவில்லை; ஒரத்துப்பாளையம் தோன்றிற்று.

பதினேழு வயதில் நான் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பருத்தித் துணியில் அழுத்தமான நிறம் ஏற வேண்டுமானால் மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். போடாவிட்டால் சாயம் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். துணி நிறத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். சுண்ணாம்பு போட்டுக் கலக்கினால் தண்ணீரின் நிறம் தெளியும், உப்பு தெளியாது. மழை பெய்கிற இராத்திரிகளில் "பலகையைத் தூக்குடா" என்று முதலாளி சொல்லுவார். தூக்கியது இந்தக் கை. அதே முதலாளி ஆடிப் பதினெட்டுக்கு அதே ஆற்றில் மஞ்சளும் பூவும் விட்டுத் தாயே என்று கும்பிடுவார்! நானும் பின்னால் நின்று கும்பிட்டவன்தான்.

அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று? கொடுமணல் பக்கத்திலேயே பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கிற்று. விவசாயத்துக்குக் கட்டிய அணை சாயத் தொட்டியாயிற்று. கிணறு கெட்டது, காடு கெட்டது. கீழே இருந்த குடியானவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. சுமார் 700 பட்டறைகள். எனக்கு எட்டு மாதம் வேலையில்லை. என் மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. கோர்ட்டைத் திட்டினேன், குடியானவனைத் திட்டினேன். ஒருநாள் அணைக்குக் கீழே ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிச் சண்டைக்கே போய்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஏந் தம்பி, நீ எட்டு மாசம் சொல்றே, எங் கெணறு எத்தனை வருசமா மூடிக் கெடக்குது தெரியுமா?" என்றார். பிறகு, "ஆத்தா கோவம் தம்பி, பூசை கொறஞ்சு போச்சு" என்றார். முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் இருந்தது. ஆனால் பலகையைத் தூக்கியவன் நான் என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதை இன்று இந்த மேடையில் சொல்லுகிறேன்.

அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று கட்டாயம் வந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்பையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி உபயோகிக்கிறார்கள். சல்லடை போன்ற சவ்வும், கொதிகலனும், கரண்டு செலவும்தான் அதைச் செய்கின்றன, பூசை அல்ல. ஆற்றைக் கெடுத்ததும் கணக்குத்தான், கொஞ்சமாவது தேற்றுவதும் கணக்குத்தான். ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு சீக்கிரத்தில் போகாது. இராக்கின் கதையைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சில பேர் கொடுமணல் போகிறோம். கல்வட்டங்களையும் குடியிருந்த மேட்டையும் பார்த்துவிட்டு, அணைக்கட்டையும் பார்த்துவிட்டு வருவோம். வர விரும்புகிற தோழர்களும் தாய்மார்களும் காலை ஏழு மணிக்கு இங்கேயே வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சோற்று மூட்டை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். குடிதண்ணீரும் இங்கிருந்தே கொண்டு வாருங்கள். போகிற இடம் ஆற்றங்கரைதான், ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது.