மழலை வாழும் மனையும் சிக்கனமும்

(மகளிர் அரங்கொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிக்கனம் என்னும் சொல்லை இன்று பலர் ஏழைமையின் மறுபெயராகவே கொண்டுவிட்டனர். கையில் காசில்லாதவன் செய்வது சிக்கனம். காசு வந்தபின் அதனைக் கைவிட்டுவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். சொல்லோ வேறொன்று கூறுகின்றது. சிக்கெனப் பற்றுதல் என்றால் இறுகப் பற்றுதல். பற்ற வேண்டியதை நழுவவிடாது பற்றிக் கொள்வதே சிக்கனம். கொடுக்க வேண்டிய இடத்தும் கொடாது பூட்டி வைப்பது இவறன்மை. முன்னது அறிவு, பின்னது நோய். இவறலைக் குற்றங்கடிதல் அதிகாரத்தில் மன்னனுக்காகாத குற்றங்களுள் ஒன்றாக எண்ணிய திருவள்ளுவர், வரவு சிறுத்தாலும் செலவு பெருகாதிருப்பின் கேடில்லை என்னும் கருத்தை வலியறிதலில் வைத்தார். இரண்டும் பொருட்பாலைச் சேர்ந்தவை. நாட்டை ஆள்வானை நோக்கிச் சொல்லப்பட்டவை. நாடாள்வானுக்குச் சொன்னதை வீடாள்வார் எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

வீடாள்வார் யார்? இல்லாள் என்றால் இல்லத்தை ஆள்பவள். அதற்கு இணையாக ஆண்பாலில் இல்லான் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றுமில்லாதவன் என்றே பொருள்படும். மொழியே ஆண்மகனைப் பார்த்து நகைக்கின்றது! ஆயினும் இதனைக் காட்டி வீட்டுக் கணக்கு முழுவதையும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்ளும் ஆடவர்க்கு இவ்வுரை துணை நில்லாது. புகைக்கும் குடிக்கும் போகின்ற காசு பெரும்பாலும் ஆண்மகன் கையாலேயே போகின்றது. 2003 ஆம் ஆண்டு முதல் சாராயத்தின் சில்லறை விற்பனையைத் தமிழ்நாட்டரசே தன் கையில் எடுத்துக்கொண்ட பின், அக்காசு போகும் வழி இன்னும் நேராயிற்று. அதனை அடைக்காமல் அடுக்களையில் கடுகை எண்ணுவதாற் பயனில்லை.

இனி, சிறு குழந்தைகள் உள்ள ஒரு வீட்டை எண்ணிக் கொள்வோம். திங்கள் வருவாய் 18,000 உருபா. ஐந்து அகவையில் ஒரு பெண். இரண்டு அகவையில் ஒரு பையன். மாலைதோறும் பெட்டிக்கடையில் தொங்கும் பளபளப்பான பொட்டலத்தில் ஆளுக்கொன்று. ஒன்றின் விலை 10 உருபா. பத்து உருபாதானே என்று யாரும் கணக்கிடுவதில்லை. இருவர்க்கும் நாளொன்றுக்கு 20, திங்களுக்கு 600, ஆண்டுக்கு 7,200 உருபா. அதே வீட்டில் பையனின் முதற் பிறந்தநாளுக்கு 20,000 உருபா கடன் வாங்கி விருந்து வைத்தார்கள் என்று கொள்க. நூற்றுக்குத் திங்களுக்கு மூன்று உருபா வட்டி. வட்டி மட்டும் திங்களுக்கு 600, ஆண்டுக்கு 7,200. முப்பத்து நான்கு திங்களில் கட்டிய வட்டி முதலை விஞ்சிவிடும். அதாவது, பையனுக்கு நான்கு அகவை நிறையுமுன் விருந்துச் செலவை இருமடங்காகச் செலுத்தும் நிலை வந்துவிடும். முதலோ அப்படியே நிற்கும். விருந்துக்கு வந்தவர்கள் என்ன உண்டார்கள் என்பதையே மறந்திருப்பார்கள்.

அவ்விருந்தில் நடந்ததென்ன? மாப்பண்டம் ஒன்றின்மேல் குழந்தையின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன்மேல் மெழுகுத்திரி ஏற்றி ஊதி அணைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாடப்பட்டது. குழந்தையின் பாட்டி ஓர் ஓரத்தில் வாய் மூடி நின்றார். அப்பாட்டு அவர்க்குத் தெரியாது. கடன் பட்டது தமிழ்க் குடும்பம். வாய் மூடியதும் தமிழ்க் கிழவி! இவ்வுரை சொல்ல வருவது இதுவே. தேவையில்லாமல் வீட்டுக்குள் வாங்கப்படும் பொருள்களிற் பல, பணத்தை மட்டும் வெளியே கொண்டு போவதில்லை. வீட்டுப் பேச்சிலிருந்து ஒரு சொல்லையும் தள்ளிக்கொண்டு போகின்றன. விலையில்லாமல் வீட்டில் கிடைப்பனவற்றிற் பல, தமிழையும் உடன் கொண்டு வருகின்றன.

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைப் படித்தோர் அதன் பத்துப் பருவங்களை அறிவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குரியவை. பெண்பாலில் இறுதி மூன்றும் கழங்கு, அம்மானை, ஊசல் என மாறும். கழங்கிற்கு மாறாக நீராடலைக் கொள்வதும் உண்டு. குழந்தையின் மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாந் திங்கள் வரை இப்பருவங்களை வரிசைப்படுத்துவது மரபு. புலவர்கள் இவற்றைக் கடவுளர்க்கும் மன்னர்க்கும் பாடினார்கள். பாடுவதற்குரிய பொருளை எங்கிருந்து எடுத்தார்கள்? ஏழை எளியோர் வீட்டு முற்றத்திலிருந்து! தலை நிமிர்த்தி ஆடும் குழந்தைக்குத் தாயின் முகமே விளையாட்டுப் பொருள். நா அசைத்து ஒலி எழுப்பும் குழந்தைக்குத் தாலாட்டே இசைக்கருவி. கை கொட்டுவதற்குக் கையே போதும். அம்புலியைக் காட்டக் காசு கேட்பார் யார்? சிற்றில் கட்டுவது தெருமணலில். சிறுபறைக்கு ஒரு கொட்டாங்கச்சி போதும். சிறுதேரென்பது முன்னாளில் பனங்காய் இரண்டைக் கோலில் கோத்து உருட்டிய வண்டி.

இவ்வரிசையில் இன்னொன்றையும் காண்க. கழுத்து நிற்றல், நா அசைதல், கை கூடுதல், நடத்தல், சுட்டிக் கேட்டல், கட்டியெழுப்பல் என்று குழந்தையின் வளர்ச்சிப் படிகளை இது காட்டுகின்றது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் எதிரே அமர்ந்து பேசுகின்றார் அல்லது பாடுகின்றார். குழந்தை சொல் கற்பது அந்த எதிர்முகத்திடமிருந்தே.

இன்று அந்த எதிர்முகம் கைப்பேசியாயிற்று. தவணைக்கு வாங்கிய கைப்பேசியைக் கையில் கொடுத்தால்தான் ஒரு கவளம் இறங்குகின்றது என்று தாய்மார் பலர் வருந்துகின்றனர். உலக நலவாழ்வு அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரமே வேண்டா என்கின்றது. இரண்டு முதல் நான்கு அகவை வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது என்கின்றது. அம்புலி காட்டிச் சோறூட்டினால் குழந்தை நிலாவைக் கேட்கும், தாய் விடை சொல்வாள், சொல் வளரும். திரையிடம் குழந்தை எதைக் கேட்டாலும் அது விடை சொல்லாது. ஆங்கிலக் குட்டிப்பாட்டை அது பாடிக்கொண்டே போகும். நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளை, வீட்டு முறத்தைக் காட்டினால் பெயரறியாது விழிக்கின்றது. அதனைப் பெருமையென்று விருந்தினரிடம் காட்டுகின்ற பெற்றோரை என்னென்பது!

உணவுக்கு வருவோம். இங்கேதான் வீட்டின் காசும் குழந்தையின் உடலும் ஒருங்கே கரைகின்றன. முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்; தண்ணீரும் வேண்டா. பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் பழைய வழக்கம் அறியாமை. நோயெதிர்க்கும் ஆற்றல் நிறைந்த முதல் உணவு அது. சேனை வைத்தல் என்று பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஓர் அகவை நிறையாத குழந்தைக்குத் தேன் கொடிய நச்சுநோயைத் தரக்கூடும். முன்னோர் செய்ததெல்லாம் தமிழ்ப்பண்பாடு ஆகிவிடாது. தாய்ப்பாலுக்கு மாற்றென்று அடைத்து விற்கும் பால்மாவை விளம்பரப்படுத்துவதை 1992 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 2003 இல் அச்சட்டம் இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகளுக்கும் விரிக்கப்பட்டது. மருத்துவர் தக்க காரணம் காட்டிச் சொன்னாலன்றி அந்தத் தகரக்குவளைக்கு வீட்டில் வேலையில்லை.

ஆறு திங்களுக்குமேல் கூழும் கஞ்சியும் தாய்ப்பாலோடு சேரட்டும். கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உள்ளது. முருங்கைக்கீரையில் 440 அளவில் உள்ளது. வேறு கூலம் எதுவும் இவ்வகையில் கேழ்வரகின் அருகே வாராது. அதனை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டபின் நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைப்பது பாட்டிமார் முறை. முளைக்கும்போது கூலத்தில் ஒருவகை நொதி பிறக்கின்றது. அது மாப்பொருளை உடைத்துக் கஞ்சியை இளக்குகின்றது. ஆதலால் அதே கிண்ணத்தில் தண்ணீரைக் குறைத்து மாவைக் கூட்டலாம். சிறு வயிற்றுக்கு அதே அளவில் மிகுந்த ஊட்டம் சேரும். கூலத்திலுள்ள இரும்பும் எளிதில் உடலிற் சேரும். இதனோடு பச்சைப்பயற்றையும் பொட்டுக்கடலையையும் வறுத்துச் சேர்த்தால் குறை தீர்ந்தது. நிலக்கடலையை மட்டும் முழுதாகக் கொடாமல் நன்கு பொடித்தே சேர்க்க; முழுக்கடலை சிறுவர் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

விலையுயர்ந்த ஊட்டப் பருகப் பொடிகளை வாங்கிக் கரைத்துக் கொடுத்தால்தான் பிள்ளை உயரமாகும் என்னும் மயக்கம் இன்னும் தீரவில்லை. 'நலம் தரும் பருகம்' என்றொரு வகையே உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை எனக் காட்டி, அத்தகைய பொடிகளை அப்பெயரின்கீழ் வைக்கலாகாதென இணைய வணிகத் தளங்களுக்கு இந்திய நடுவணரசு 2024 ஏப்பிரலில் அறிவுறுத்தியது. அப்பொடிகள் பலவற்றில் மிகுந்திருப்பது சருக்கரை.

வயிற்றுப்போக்கு வந்தால் கலங்க வேண்டா. உப்புக்கரைசல் பொட்டலம் அரசு நலவாழ்வு நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும். அது கைக்கு எட்டும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டிச் சருக்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக. உப்பு மிகலாகாது. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை துவண்டாலோ, கண் உள்வாங்கினாலோ, குருதி போனாலோ நொடியும் நில்லாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

இங்குப் போலிச் சிக்கனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருநாட் கூலி போய்விடும் என்று தடுப்பூசி நாளைத் தவறவிடுவது சிக்கனமன்று. இளம்பிள்ளைமுடம் இந்தியாவில் இறுதியாகக் காணப்பட்டது 2011 சனவரியில். அது நீங்கியதாக 2014 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தாய்மார் வரிசையில் நின்று ஊற்றிய சொட்டு மருந்தின் பயன் அது. ஆண்பிள்ளைக்கு முட்டையும் பெண்பிள்ளைக்குக் குழம்பும் வைப்பதும் சிக்கனமன்று, அது வஞ்சகம். கணவனும் பிள்ளைகளும் உண்டபின் பானையடியில் ஒட்டியதை வழித்துண்ணும் தாயைத் தியாகி என்று போற்றுகின்றார்கள். (தியாகி என்பதும் கடன் சொல், ஈகி என்போம்.) அரசு 2019–21 இல் எடுத்த குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்டிருள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிக்குறைவுடையோர். அந்த ஈகம் யாருக்கும் வேண்டா. எல்லாரும் ஒருங்கமர்ந்து, இருப்பதைப் பகிர்ந்துண்ணட்டும். உண்ணும்போது பேசட்டும்.

வீட்டுப்பேச்சின் ஆற்றலைத் தனித்தமிழ் அன்பர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1916 ஆம் ஆண்டு பல்லாவரத்து வீட்டில் வேதாசலனாரும் பதின்மூன்று அகவை மகள் நீலாம்பிகையும் பாடலொன்றில் வந்த 'தேகம்' என்னும் சொல்லைப் பற்றி உரையாடினர். 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் அங்கு நின்றிருந்தால் எத்துணை இனிது என்று தந்தை சொல்ல, மகள் அதனைப் பற்றிக்கொண்டாள். வேதாசலனார் மறைமலையடிகள் ஆனார். அம்மகள் 1937 இல் வடசொல் தமிழ் அகரவரிசை தந்தார். ஓர் இயக்கம் பிறப்பதற்கு அவ்வீட்டில் செலவானது ஒரு மாலைப்பொழுது.

பள்ளிச் செலவு பற்றிச் சிறிது. மூன்று அகவைப் பிள்ளையை ஆங்கில மழலைப்பள்ளியில் சேர்க்க நகையை அடகு வைக்கும் பெற்றோர் பலர். அருகிலேயே குழந்தைகள் நடுவம் இருக்கும். 1975 முதல் நடக்கும் திட்டத்தைச் சேர்ந்தது. அரசுத் தொடக்கப்பள்ளியில் நண்பகல் உணவு உண்டு. 2022 செபுதம்பரில் மதுரையில் தொடங்கிய காலையுணவுத் திட்டம் அடுத்த ஆண்டே தமிழ்நாடெங்கும் விரிந்தது. தமிழ்வழியில் பயின்றோர்க்குத் தமிழக அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கீடு 2010 இல் சட்டமாயிற்று. அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு 2020 இல் வந்தது. நகையை விற்றுத்தான் இவற்றை இழக்க வேண்டும் என்பதில்லை. அரசுப்பள்ளியில் ஆசிரியர் குறைந்தால், கூரை ஒழுகினால், பெற்றோர் திரண்டு சென்று கேட்கட்டும். கட்டணப் பள்ளியின் வாயிலில் நிற்கும் நேரத்தில் பாதி போதும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் 40 பக்கக் குறிப்பேடு ஒன்று வையுங்கள். பக்கத்தை நான்காகக் கோடிட்டு நாள், பொருள், விலை, தேவையா என எழுதுங்கள். பொருளின் பெயரைத் தமிழிலேயே எழுதுக. தமிழ்ப்பெயர் தெரியாத பொருள் வந்தால் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, பெரியோரைக் கேட்டு நிரப்புக. நான்காம் கட்டத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே நிரப்ப வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதற்கன்று. திங்களின் கடைசி நாள் இரவு, எழுத்துக் கூட்டப் பழகிய மூத்த பிள்ளை அதனை உரக்கப் படிக்கட்டும். பெட்டிக்கடைப் பொட்டலம் எத்தனை முறை வந்துள்ளது என்று அப்பிள்ளையே எண்ணிச் சொல்லும்.