ஆசிரியரின் வினாவும் மாணவரின் விடையும்

டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி தொடங்கும் ஒருவர் முதலில் ஆசிரியரின் கண்களைக் கொண்டே பார்க்கிறார். வினாவும் ஆசிரியருடையது, முறையும் ஆசிரியருடையது. இதில் குறையொன்றும் இல்லை. எக்கலையும் இவ்வாறுதான் பயிலப்படுகிறது. ஆனால், நடுவழியில் ஒரு கட்டம் வருகிறது. கையில் சேர்ந்துள்ள சான்றுகளை அப்போது ஆசிரியரினும் மாணவரே நன்கறிவார். அவை ஆசிரியரின் கருத்தோடு முரண்பட்டால் அவர் என்ன செய்வார்? அவர் ஆராய்ச்சியாளரா, வெறும் உதவியாளரா என்பது அங்கேதான் தெரியும் என்று நான் கருதுகிறேன்.

ஐராவதி கார்வே அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1905-இல் பர்மாவில் பிறந்தவர். பம்பாய்ச் சர்வகலாசாலையில் பேராசிரியர் குர்யேயிடம் சமூகவியல் பயின்றவர். 1928-இல் ஜெர்மனி சென்று, பெர்லின் மானிடவியல் நிலையத்தின் தலைவர் ஆய்கன் ஃபிஷரிடம் ஆராய்ச்சி மாணவியானார். மனித மண்டையோட்டின் வலப்புறமும் இடப்புறமும் சரிசமமாக இருப்பதில்லை. அவ்வேறுபாடு ஐரோப்பியரிடம் மிகுதி என்றும், அது அவர்களுடைய அறிவு மேன்மைக்கு அடையாளம் என்றும் ஃபிஷர் எண்ணினார். அதனை ஆராயும் பணி அம்மையாரிடம் வந்தது.

அவர் பல இனத்தாரின் மண்டையோடுகளை அளந்தார். வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால், இனத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே அளவுகள் கூறின. அந்நிய நாடு, அந்நிய மொழி. பட்டமோ ஆசிரியரின் கையில். எனினும், கண்டதைக் கண்டவாறே எழுதினார், பட்டமும் பெற்றார். ஃபிஷரோ 1933-இல், நாஜி ஆட்சியின்போது, பெர்லின் சர்வகலாசாலையின் தலைவரானார். இனவெறி அரசு நடத்திய நாட்களை எண்ணும்போதுதான் அந்த ஆய்வு முடிவின் பெருமை நமக்கு விளங்கும்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அம்மையார் ஆசிரியரைப் பழித்து எழுதவில்லை. அவரிடம் கற்ற அளவை முறையைக் கொண்டே அவருடைய கருத்தைச் சோதித்தார். சான்று ஆசிரியரை ஆதரித்திருந்தால் அதையும் அவ்வாறே எழுதியிருக்க வேண்டும். மறுப்பதற்காகவே மறுப்பது சுதந்திரமாகாது.

ஆராய்ச்சியில் இறங்கும் இளைஞர்கள் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். கண்டதையும் கருதியதையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதுங்கள். எந்தச் சான்று கிடைத்தால் என் கருத்தைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். ஆசிரியர் இல்லாத இடத்திலும் இவை உங்களுக்கு ஆசிரியராக நின்று வழிகாட்டும்.