வானேறிய துவிச்சக்கர வண்டிகள்



வான் என்ற சொல்லைக் கேட்டதும் நம் முன்னோர் அண்ணாந்து பார்த்திருப்பர். நாமோ வீதியோரம் ஒதுங்கி நின்று அதற்கு வழி விடுகிறோம். இன்று நான் பேசப்போவது இந்த இரண்டாவது வானைப் பற்றியே. பின் ஆசனங்கள் கழற்றப்பட்ட பழைய வான் ஒன்றினுள் சைக்கிள்களை எங்ஙனம் நிறுத்துவது என்பதே என் பொருள். வானொலிப் பேச்சுக்கு இதுவும் ஒரு பொருளா என்று ஐயுறுவோர் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக. சில பிள்ளைகளின் படிப்பு அந்த இடத்தைப் பொறுத்திருந்தமையாலேயே இதனைச் சொல்லத் துணிந்தேன்.

கனமூலை, புத்தளம் மாவட்டத்தில் மதுரங்குளியை அடுத்துள்ள ஊர். தென்னந்தோட்டங்களும் களப்பும் உப்பளங்களும் இறால் பண்ணைகளும் கொண்ட கரையோரப் பகுதி அது. நிலம் உள்ளங்கை போலச் சமமானது. சைக்கிள் மிதிப்பவனுக்கு அங்கே மேடு பகையன்று. கச்சான் காற்றுத்தான் பகை. அக்காற்று கொண்டுவரும் உப்போ, மனிதனை விட்டுவிட்டு அவன் சைக்கிளைத் தின்கிறது. ஈராண்டு கவனியாது விட்ட செயினை நீங்கள் அங்கே கையால் வளைத்துப் பார்க்கவேண்டும், வளையாது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டின் நடுப்பகுதியில் கியூஆர் அட்டை முறை வந்தபோது, வானுக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் என்று அளந்து கொடுத்தார்கள். கோழிக்கூட்டின் பின்னால் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அப்போது வீதிக்கு வந்தன. ஆசிரியர்களும் மிதித்தே வந்தனர். தட்டுப்பாடு நீங்கியபின் பெரியோர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினர். பிள்ளைகளோ சைக்கிளிலேயே நின்றுவிட்டனர், ஏனெனில் பஸ் கட்டணமும் முச்சக்கர வண்டிக் கட்டணமும் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

தரம் பத்தில் படித்த மாணவி ஒருத்தி ஒன்பது பாடசாலை நாட்கள் தொடர்ந்து வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணி வகுப்பாசிரியையை அனுப்பினேன். "சைக்கிள் ஒடைஞ்சி கெடக்கு, டீச்சர்" என்றாராம் அவளுடைய உம்மா. உடைந்தது பிரீவீல் மட்டுமே. திருத்துவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் திருத்துபவர் சந்தியில் இருந்தார், சைக்கிளோ களப்போரத்தில் இருந்தது. இடைப்பட்ட தூரத்தை உருட்டிக் கடக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. வரவுப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். காய்ச்சல் என்று நாம் எழுதியவற்றுள் எத்தனை உண்மையில் பழுதான சைக்கிள்கள் என்று அன்றுதான் யோசித்தேன்.

சைக்கிளுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டளவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு இலவசச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் அதனை மற்றையோருக்கும் விரித்தனர். பீகாரில் 2006இல் தொடங்கிய திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர் இருவர் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உயர்ந்தது என்றனர். அதிலும் பள்ளிக்கு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஊர்களிலேயே பலன் மிகுதி. சைக்கிளைக் கொடுப்பது பற்றி அரசுகள் கவலைப்படட்டும். கொடுத்தது ஓடிக்கொண்டிருக்கவேண்டுமே என்பதுதான் ஓர் அதிபரின் கவலை.

பழைய மாணவர் ஒருவர் தம் வானைச் சனிக்கிழமைகளில் தருவதாகச் சொன்னார். பழுதான சைக்கிள்களைக் குடியிருப்புகளில் சேகரித்துச் சந்திக்குக் கொண்டுபோய்த் திருத்தி, மாலையில் திரும்பக் கொடுப்பது என்பது ஏற்பாடு. முதல் சனிக்கிழமை ஆறு சைக்கிள்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேலொன்றாக அடுக்கினோம். கட்டவில்லை, பாரமே பிடித்துக்கொள்ளும் என்று நான்தான் சொன்னேன். வழியில் மாடொன்று குறுக்கிட, சாரதி பிரேக்கை மிதித்தார். மேலே கிடந்த சைக்கிள் வழுக்கி முன்னே வந்து, உதவிக்கு வந்திருந்த மாணவனின் தோளில் மோதியது. எலும்பு முறியவில்லை, இறைவன் காத்தான். ஆயினும் பத்து நாட்கள் அவன் இடக்கையால் எழுதினான். அவன் வாப்பா என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னரே கணக்குப் பார்த்தேன். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வான் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். அது ஏறக்குறைய பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். பதினாறு கிலோ எடையுள்ள சைக்கிளைத் தென்னை மரத்தின் மேலிருந்து ஒருவர் தலைமீது போடுவோமா?

ஆகவே மண்டபத்தின் சீமெந்துத் தரையில் வானின் உட்புறத்தைச் சோக்கினால் வரைந்தேன். அகலம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. சக்கரக் கூடுகளுக்கிடையில் நாலடிக்கும் சற்றுக் குறைவு. ஆசனம் இல்லாத நீளம் பத்தடி. அதில் சைக்கிளுக்கு ஆறடி போனால், ஆட்கள் அமரும் ஒரு வரிசைக்கும் ஆயுதப் பெட்டிக்கும் நாலடி மிஞ்சும். சைக்கிள்களை நிமிர்த்தியே நிறுத்துவது என்று முடிவு செய்தோம். ஹாண்டிலின் அகலம் இருபத்திரண்டு அங்குலம். ஐம்பத்தொன்பதை இருபத்திரண்டால் வகுத்தால் விடை இரண்டு, மீதி வீண். இரண்டு சைக்கிளுக்காக ஒரு வானா என்று நான் சோர்ந்து நின்றபோது, தரம் ஏழு மாணவி ஒருத்தி, "ஒண்டெத் திருப்பி வெச்சா என்ன, சேர்?" என்றாள்.

திருப்பி வைத்தோம். ஒன்றின் ஹாண்டில் இருக்கும் பக்கத்தில் அடுத்ததன் கரியர் வந்தது. கரியர் ஒடுக்கமானது, ஹாண்டிலைவிடத் தாழ்வானது. ஆதலின் ஒன்றன்மேல் மற்றொன்று இடிபடாமல் ஏறி நின்றது. சக்கரத்துக்குச் சக்கரம் பன்னிரண்டு அங்குலம் விட்டு, நான்கு சைக்கிள்கள் ஐம்பத்தெட்டு அங்குலத்தில் அடங்கின! ஆனால் பெடல்கள் ஒன்றோடொன்று முட்டின. பெடல்களைக் கழற்றலாம் என்றார் ஒருவர். இடப் பெடலின் புரி எதிர்ப்புறமாகச் சுழல்வது. அதை அறியாமல் பலங்கொண்டு திருகிப் புரியைக் கெடுத்தவர்கள் ஏராளம். கழற்றத் தேவையிருக்கவில்லை. எல்லாச் சைக்கிள்களிலும் வலப் பெடலை முன்னாக்கிக் கிடைமட்டமாக நிறுத்தினால், தலைமாறி நிற்பதனால் ஒன்றின் பெடல் முன்புறமும் அடுத்ததன் பெடல் பின்புறமுமாக விலகிக்கொள்கின்றன. நீங்கள் இரண்டு சைக்கிள்களை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும். வானொலியில் சொல்வதுதான் கடினம்.

இந்தச் சங்கடத்தை உலகம் பல வழியில் தீர்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் பரசூட் படையினர் நடுவில் மடியும் சைக்கிளைக் கொண்டுசென்றனர். ஜப்பானியர் சக்கரங்களைக் கழற்றிப் பையிலிட்டுப் புகையிரதத்தில் ஏறுகின்றனர். என் இளமையில் புத்தளம் புகையிரதத்தில் காட் இருக்கும் கடைசிப் பெட்டியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிம்மதியாகப் போவோம். எங்கள் பிள்ளைகளின் சைக்கிள்கள் மடிவனவுமல்ல, மட்காட்டும் துருவேறிய நட்டும் கொண்ட அவற்றின் சக்கரங்கள் எளிதில் கழல்வனவுமல்ல.

வானின் அடித்தளத்தில் தென்னம்பலகை இரண்டைப் பதித்துச் சக்கரம் இறங்கும் பள்ளங்கள் வெட்டினோம். இரும்பு வளையங்களைப் பலகையில் மட்டும் பூட்டாமல், தகட்டையும் துளைத்து வானின் சட்டத்தோடு முடுக்கினோம். பழைய ரியூப்பை வெட்டிக் கட்டினால் போதும் என்றனர் சிலர். ரியூப் இழுபடும், பிரேக் பிடித்த கணத்தில் இழுபடுவதே ஆபத்து. லொறிக்காரர் பயன்படுத்தும் நைலோன் பட்டிகளை வாங்கினோம். ரியூப் துண்டுக்கு வேறு வேலை கொடுத்தோம்: பிரேக் பிடியை இறுக்கிக் கட்டிவிட்டால் சக்கரம் உருளாது. ஆட்களின் ஆசனத்துக்குப் பின்னே இரும்புக் கம்பித் தடுப்பும் உண்டு. ஆசனங்களை நிரந்தரமாக நீக்கி வாகனத்தின் வகையை மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆகவே மற்ற நாட்களில் மீண்டும் மாட்டத்தக்கனவாகவே அவற்றை வைத்திருக்கிறோம்.

தோளில் அடிபட்ட மாணவன்தான் இன்று பட்டிகளுக்குப் பொறுப்பு. ஒவ்வொரு சைக்கிளையும் அவன் இருகையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தபின் கையசைத்தாலன்றிச் சாரதி வானை எடுப்பதில்லை.

சென்ற சனிக்கிழமை களப்போரத்தில் ஐந்து சைக்கிள்கள் காத்திருந்தன. ஐந்தாவதையும் எப்படியாவது ஏற்றலாமா என்று சோக்குக் கோட்டில் நாங்கள் பலமுறை முயன்று தோற்றவர்கள், நான்கை ஏற்றினோம். ஐந்தாவதற்கு உரிய தரம் ஆறு மாணவன் காற்றில்லாத சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அடுத்த கெழம மொதல்ல என்டதுதானே, சேர்?" என்றான். கொப்பியைத் திறந்து அவன் பெயரை முதலாவதாக எழுதினேன். எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் சைக்கிளை வீட்டுக்கு உருட்டினான்.