வீட்டுக்குள் ஒரு மலைப்பாதை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருவீதி, ஹல்தும்முல்லையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறிப் பெரகலச் சந்தியை அடைகிறது. அவ்விடத்தில் வழி இரண்டாகிறது. ஒன்று கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி என்று இறங்கி வெல்லவாயச் சமவெளியைச் சேர்கிறது. மற்றது ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல நோக்கிச் செல்கிறது. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்தில் உள்ளது. துவிச்சக்கர வண்டி மிதிப்பவருக்கு இந்நாட்டில் இதனினும் சிறந்த ஏற்றங்கள் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட பெரகலவிலே வாழும் நேயர் ஒருவர், வீட்டுக்குள் நிறுத்தி வைத்து மிதிக்கும் 'ஸ்மார்ட் ட்ரெயினர்' என்னும் பயிற்சிக் கருவிகளுள் எதனை வாங்குவது என்று கேட்டு எழுதியிருக்கிறார். கொழுந்து மலையில் இருந்துகொண்டு தேயிலைத் தூளுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்புவதைப் போலல்லவா இருக்கிறது என்று முதலில் எண்ணினேன்.

கடிதத்தை மறுமுறை வாசித்தபோது அவர் பக்கத்து நியாயம் விளங்கிற்று. அவர் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாக வைத்தியர் எச்சரித்திருக்கிறார். பாடசாலை முடிந்து வீடு திரும்பும் வேளையில் மலை இடுக்கில் மூடுபனி இறங்கிவிடுகிறது. பத்தடிக்கு அப்பால் வருவது லொறியா மாடா என்று தெரியாத வீதியிலே, வளைவுக்கு வளைவு ஹோர்ன் ஒலித்துச் செல்லும் பஸ்களுக்கிடையே வண்டி ஓட்டுவதை மனைவி விரும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை, மழையோடு மண்சரிவு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்துவிடவில்லை. ஆகவே கேள்வி நியாயமானதே.

இக்கருவி யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நமது சொந்தச் சைக்கிளையே ஒரு தாங்கியிற் பூட்டி, இருந்த இடத்திலேயே மிதிக்கச் செய்வது இது. பழைய தாங்கிகளில் ஒரு காந்தமோ காற்றாடியோ எண்ணெய் நிரம்பிய உருளையோ எதிர்ப்பைக் கொடுக்கும். 'ஸ்மார்ட்' என்ற அடைமொழி பெற்றவற்றில் ஒரு மின்காந்தத் தடுப்பு இருக்கிறது. கணினியோ கைப்பேசியோ கம்பியில்லாமல் அதற்குக் கட்டளை இடுகிறது. திரையில் ஏற்றம் வந்தால் மிதி கனக்கும். இறக்கம் வந்தால் இலகுவாகும். அத்துடன் நாம் எத்தனை வாற்று வலுவோடு மிதிக்கிறோம் என்பதையும் கருவி அளந்து சொல்கிறது.

இந்த வாற்றுக் கணக்கு விளங்கினால் பாதித் தெரிவு முடிந்துவிடும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் பத்துக் கிலோ வண்டியில் ஏறி, 300 மீட்டர் உயரத்தை அரை மணி நேரத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டும் அவர் இடைவிடாது ஏறத்தாழ 130 வாற்று கொடுக்கவேண்டும். சாதாரண மனிதர் ஒருவர் சில மாதப் பழக்கத்தில் எட்டக்கூடிய அளவுதான் இது. விற்பனைத் தாள்களிலோ, 'இரண்டாயிரம் வாற்று வரை தாங்கும்' என்று பெரிய எழுத்திற் போட்டிருப்பார்கள். அந்த இரண்டாயிரத்தை உலகின் தலைசிறந்த ஓட்டவீரர்களே சில விநாடிகள் தொடுவதுதான். நமது ஆசிரியர் அதற்குப் பணம் கொடுப்பானேன்? 'இருபத்தைந்து வீத ஏற்றம்' என்ற பெருமையும் அவ்வாறே. ஏழெட்டு வீதம் காட்டும் கருவி அவருக்கு மூச்சு வாங்க வைக்கப் போதும்.

இக்கருவிகள் இருவகைப்படும். முதல் வகையில் பின்சில்லு கழற்றப்படுவதில்லை; டயர் ஓர் உருளைமீது அழுத்திச் சுழலும். விலை குறைவு. ஆனால் டயரின் காற்று குறைந்தால் அளவு மாறும், உருளையை இறுக்கிய விதத்தாலும் மாறும், சூடேறினாலும் மாறும். ஆதலால் பத்து நிமிடம் மிதித்துச் சூடேற்றிய பின் கருவியைத் திருத்திக்கொள்ள வேண்டும். கட்டை கட்டையான பல் உள்ள மலைச்சைக்கிள் டயர் இதற்கு ஆகாது, இரையும், தேயும். வழுவழுப்பான டயர் ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகையில் பின்சில்லையே கழற்றிவிட்டு, சங்கிலியைக் கருவியின் பற்சில்லுத் தொகுதியில் நேராகப் பூட்டுகிறோம். கருவிக்குள் கனத்த பறப்புச் சில்லு ஒன்று சுழல்வதால், வீதியில் ஓடுவது போன்ற உணர்வு கிடைக்கிறது. அளவும் திருத்தமானது, நூற்றுக்கு ஒன்று இரண்டு வீதப் பிழைக்குள் நிற்கும். டயர் தேய்வில்லை, இரைச்சலும் குறைவு. எடை பதினைந்து இருபது கிலோ இருக்கும். வாஹூ, டாக்ஸ், எலீட் ஆகிய பெயர்களில் உலகெங்கும் விற்பனையாவனவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

எது நல்லது என்று கேட்டால் இரண்டாவது என்று ஒரு சொல்லிலே விடை கூறிவிடலாம். ஆனால் பெரகலவிலே இருக்கும் ஒருவருக்கு அந்த விடை போதாது.

முதலாவது சிக்கல், அவரிடம் இருக்கும் வண்டி. நம் ஊர்களில் பெரும்பாலும் காண்பது லுமாலா போன்ற உறுதியான வண்டிகள். அரிசி மூட்டை கட்டலாம், பின்னால் பிள்ளையை ஏற்றலாம். அவற்றின் பின்சில்லு கனத்த அச்சில் இருபுறமும் நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும்; பல வண்டிகளுக்குக் கியரே கிடையாது. நேரே சங்கிலி பூட்டும் கருவிகளோ பந்தய வண்டிகளையும் கியர் உள்ள மலைச்சைக்கிள்களையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. பின்கவட்டின் உள்ளகலம் 130 அல்லது 135 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். புதிய ஊடச்சு வண்டியாயின் 142 மில்லிமீட்டர். எனவே நேயர் கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய முதல் வேலை, ஓர் அடிக்கோலை எடுத்துத் தம் வண்டியின் பின்கவட்டை அளப்பதுதான். பின்னாலுள்ள பற்சில்லுகள் எட்டா, ஒன்பதா, பதினொன்றா, பன்னிரண்டா என்று எண்ணுவது இரண்டாவது வேலை. அதற்கேற்ற தொகுதியைத்தான் கருவியில் பூட்டமுடியும். அண்மை ஆண்டுகளில் ஒரே பற்சில்லை வைத்துக்கொண்டு, கியர் மாற்றத்தை மின்னணு முறையில் கருவியே நடித்துக்காட்டும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அது வசதிதான், ஆயினும் அதற்கும் கவட்டு அகலம் பொருந்தவே வேண்டும். கருவிக்காகப் புதிய சைக்கிளும் வாங்க நேர்ந்தால், கணக்கே வேறு.

அடுத்தது மின்சாரம். 2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணி நேர மின்வெட்டை நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்திலே குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். மலையகத்தில் இவற்றோடு இடியும் மின்னலும் சேரும். மின்னிணைப்பு அற்றவுடன் பெரும்பாலான கருவிகளில் ஏற்றமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. வெறும் சில்லு சுற்றும். டாக்ஸ் நியோ என்னும் வகையோ, மிதிப்பவரின் காலிலிருந்தே தனக்கு வேண்டிய மின்னைப் பெற்று இயங்கவல்லது. அதன் விலையோ மற்றவற்றைவிட மிகவும் கூடியது. எண்ணெய் நிரப்பிய உருளை உள்ள பழைய தாங்கிகளுக்கு மின்சாரமே வேண்டாம். வேகம் கூடக்கூட அவை தாமாகவே கனக்கும். அவற்றைப் பழசு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கருவியானாலும், இடி முழங்கத் தொடங்கினால் மிதிப்பதை நிறுத்திச் செருகியைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவதாக அயலவர். நேயர் தனி வீட்டில் இருக்கிறாரா, லயத்தில் இருக்கிறாரா என்று எழுதவில்லை. லயத்தில் ஒரு காம்பிராவின் சுவரே அடுத்த காம்பிராவின் சுவர். விடியற்காலம் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள் இரவு எட்டு மணிக்கே தலை சாய்ப்பார்கள். அவ்வேளையில் டயர் உருளையில் உராயும் இரைச்சல், தொலைவில் வரும் லொறியின் ஓசை போல ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். நேரே சங்கிலி பூட்டும் கருவி இதில் எவ்வளவோ மேல். ஆனால் காதுக்கு எட்டாத அதிர்வு நிலத்தின் வழியே போகும். பலகைத் தளமானால் இன்னும் அதிகம். தடித்த இறப்பர் விரிப்பு ஒன்றை அடியிலிட்டால் பெருமளவு அடங்கும். அடுத்த வீட்டாரோடு முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவைப்பதும் நல்லது. கருவியை வாங்கிய பின் பேசுவதைவிட வாங்குமுன் பேசுவது மேல்.

குளிர்ப் பிரதேசமாயிற்றே, விசிறி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் உடல் செலவழிக்கும் சக்தியில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே மிதியைச் சேர்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. 130 வாற்று மிதிப்பவர் 400 முதல் 500 வாற்று வரை வெப்பத்தை வெளியிடுகிறார். வீதியிலே எதிர்காற்று அதைக் கொண்டுபோகும். மூடிய அறையில் வியர்வை சொட்டும். சொட்டும் உப்புநீர் வண்டியின் கைப்பிடித் தண்டையும் திருகாணிகளையும் அரித்துவிடும். மூடுபனிக் காலத்தின் ஈரம் வேறு துரு ஏற்றும். ஒரு விசிறியும், தண்டின்மேல் போட ஒரு துவாயும், வாரம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெயும் அவசியம்.

இனித் திரைக்கு வருவோம். ஸ்விப்ட் முதலிய செயலிகள், கற்பனைத் தீவுகளின் பாதைகளில் உலகத்தாரோடு சேர்ந்து ஓடச் செய்கின்றன. இது வெறும் விளையாட்டன்று. 2016ஆம் ஆண்டு கைமுறிந்து வீட்டில் இருந்த அவுஸ்திரேலிய வீரர் மத்தியூ ஹேமன், வாரக்கணக்கில் இப்படி வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்து, ஏப்ரல் 10ஆம் திகதி பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முதலாவதாக வந்தார். 2020 டிசம்பரில் நடந்த முதலாவது மின்வெளி உலகச் சைக்கிள் சாம்பியன் போட்டியில் ஆடவர் பிரிவில் வென்ற ஜேசன் ஒஸ்போர்ன், ஜெர்மனியின் படகு வலிப்பு வீரர். ஆனால் ஸ்விப்ட்டுக்கு மாதந்தோறும் இருபது டொலர் வரை சந்தா கட்டவேண்டும். மைவூஷ் என்னும் செயலி இலவசம். இணையச் சமிக்ஞை மலை மறைவில் அறுந்தறுந்து வருமாயின் இரண்டும் பயன்படா. அந்நிலையில் கருவியை ஒரு குறித்த வாற்றில் நிறுத்திவைத்து, வானொலியைக் கேட்டுக்கொண்டே மிதிக்கலாம். இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுத் தன்னலமும் உண்டு. வாங்கும் கருவி புளூடூத், ஆண்ட் பிளஸ் இரண்டையும் பேசுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இன்று ஒரு செயலி, நாளை வேறொன்று என்று மாறமுடியும்.

பணத்தை மறக்கலாகாது. நடுத்தரமான நேர்ப்பூட்டுக் கருவி ஒன்று வெளிநாட்டில் 500 டொலர் அளவில் விற்கிறது. டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால் ஒன்றரை இலட்சம். இறக்குமதி வரியும் ஏற்றுகூலியும் இதற்கு மேல். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இது 111 நாட் கூலி. ஆசிரியரின் நிலை சற்று மேலாயினும், மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இது சிறு தொகையன்று.

ஆகையால் நான் அவருக்கு எழுதிய விடை இதுதான். உலகச் சுகாதார ஸ்தாபனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைக் கேட்கிறது. நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள். வைத்தியரிடம் இருதயத்தைச் சோதித்துக்கொண்டு, எண்ணெய் உருளைத் தாங்கி ஒன்றை இரவலாகவோ பழையதாகவோ பெற்று மூன்று மாதம் மிதித்துப் பாருங்கள். மூன்று மாதத்தின் பின்னும் அதன்மேல் ஈரத்துணி காயாமல் இருந்தால், அப்போது நேர்ப்பூட்டுக் கருவியைத் தேடுங்கள். பாவித்த கருவியாயின், விற்பவர் முன்னிலையிலேயே உங்கள் வண்டியைப் பூட்டி இருபது நிமிடம் மிதியுங்கள். பட்டி வழுக்கும் ஓசை வருகிறதா, ஏற்றத்தில் தடுப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். மின்மாற்றிச் செருகி அந்தக் கருவிக்கே உரியதா என்பதையும் பாருங்கள். வேறொன்றைச் செருகிக் கருகிப்போனால் பெரகலவிலே அதைத் திருத்துவார் இல்லை, கொழும்புக்குத்தான் இறக்கவேண்டும்.

மூடுபனி இல்லாத ஞாயிறு காலைகளில் ஹப்புத்தளை ஏற்றத்திற்குப் போகலாமா என்றும் அவர் கடிதத்தின் அடியில் கேட்டிருந்தார். பின்விளக்கும் தலைக்கவசமும் இருந்தால் தாராளமாகப் போகலாம்.