உண்ண மறுக்கும் பிள்ளையும் நம் கடமையும்

(ஆழ்வார்குறிச்சியில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளர்ந்த பிள்ளை ஒன்று சாப்பிட மறுத்தால், நம் வீடுகளில் மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. கண்ணேறு என்பர் சிலர். பிடிவாதம் என்பர் சிலர். வயிற்றுக் கோளாறு என்று மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புவர் சிலர். இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவது காரணம் ஒன்று உண்டு. அது உண்ணல் கோளாறு என்னும் மனநோய். மனநோய்களுள் உயிரிழப்பை அதிகம் விளைவிப்பவற்றுள் இதுவும் ஒன்று என்பதால், இதைப் பற்றி இன்று நாம் பேசவேண்டியுள்ளது.

இந்நோய் பல வகைப்படும். உணவை மிகக் குறைத்து உடலை உருக்கிக்கொள்வது ஒரு வகை. இதற்கு 1873ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். அளவின்றி உண்டுவிட்டு, பின்னர் தாமே வாந்தியெடுப்பது மற்றொரு வகை. 'புலிமியா' எனப்படும் இதனை 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் விளக்கினார். வாந்தியெடுக்காமல், கட்டுப்பாடின்றி உண்டு உண்டு மனம் நொந்துபோவது வேறொரு வகை. பெண்பிள்ளைகளுக்கே இது மிகுதி என்றாலும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும்.

"இது மேல்நாட்டார் நோய், நமக்கேது?" என்று கேட்கலாம். 1995இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். அப்பெண்கள் உணவை மறுத்தனர், ஓயாமல் வாந்தியெடுத்தனர், மெலிந்தனர், மாதவிலக்கு நின்றது. ஆனால் மேல்நாட்டு நூல்கள் கூறுவதுபோல், மெலிந்த உடலைப் பருமனாகக் காணும் மயக்கம் அவர்களிடம் காணப்படவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்விலும், பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது மனக்காரணத்தால் வரும் வாந்தியே. ஆகவே நம் பிள்ளை "நான் குண்டாக இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும் என்பதில்லை. "பசியில்லை உம்மா, வயிறு உப்பிக்கொண்டு வருகிறது" என்றே பல நாள் சொல்லக்கூடும். வயிற்றுச் சோதனைகளில் ஒன்றும் தெரியாது, மாதங்கள் கடந்துவிடும்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில், நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவு பாதியளவாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் சிடுசிடுத்தனர், பிறரிடமிருந்து விலகினர், சமையல் நூல்களையே படித்துக்கொண்டிருந்தனர். முன்பு மனநோய் இல்லாதவர்கள் அவர்கள். பட்டினியே அவர்களை அவ்வாறு ஆக்கிற்று. ஆதலால் மெலிந்துவிட்ட பிள்ளையிடம் வாதம் புரிந்தோ அடித்தோ பயனில்லை. உடல் எடை மீண்ட பிறகே மனம் பேச்சைக் கேட்கும் நிலைக்கு வரும். உணவே முதல் மருந்து.

எனினும் நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பரஸ் முதலிய உப்புகள் திடீரெனக் குறைந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லும் அளவிலேயே உணவைக் கூட்டவேண்டும். மயக்கம், நாடித்துடிப்புக் குறைவு, தண்ணீரும் குடிக்காமை ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் அனோரெக்சியாவுக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதன்படி, என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைச் சில காலம் வாப்பாவும் உம்மாவும் பொறுப்பேற்று முடிவு செய்வர். ஒருவர் உடனமர்ந்து, திட்டாமல், கெஞ்சாமல், உண்டு முடிக்கும்வரை துணையிருப்பார். உடல் தேறத் தேற அப்பொறுப்பு பிள்ளையிடமே திரும்பும். புலிமியாவுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சையும், தேவையெனில் மருந்தும் உண்டு.

தாய்மார்கள் சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தோடு உண்ணாமல் ஒதுங்குதல், சாப்பிட்டவுடன் கழிவறைக்குச் செல்லுதல், மாதவிலக்கு நின்றுபோதல், எப்போதும் குளிர்கிறதென்று சொல்லுதல் ஆகியவை அவை. தளர்ந்த ஆடைக்குள் உடல் மெலிவது கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதையும் மறக்கலாகாது.

ரமலானில் கூடுதல் கவனம் தேவை. இந்நோயுள்ள பிள்ளைக்கு நோன்பு, உண்ணாமைக்கு ஒரு மறைவாகிவிடக்கூடும். "எவ்வளவு பேணுதலான பிள்ளை!" என்று நாம் புகழ்வதும் நோயை வளர்க்கும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. குணமடைந்த பின் அந்நாட்களைக் கணக்கிட்டு நோற்கலாம். மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்து முடிவு செய்வதே முறை.

"வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே" என்ற அச்சத்தால் நோயை மறைப்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை உண்டாக்குவது நாம்தான். கல்யாண வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் பருமனைப் பற்றிச் சபையறியப் பேசுவதை நாம் நிறுத்தவேண்டும். நோய் கண்டவரின் வீட்டைப் பற்றிக் காதோடு காதாகப் பேசுவதையும் விடவேண்டும்.

உதவி தொலைவில் இல்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் குணமடையும் வாய்ப்பு மிகுதி. எனவே உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் தட்டு நாள்தோறும் மீந்துபோகுமானால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.