ஹெரால்டுக்குச் சக்கரம் தேடுகிறீர்களா?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்து கொடுத்த உருவம் அது. இங்கிலாந்தில் டிரயம்ப் கம்பெனி 1959-இல் அதை வெளியிட்டது. 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. 1972-இல் முகத்தை மாற்றிக்கொண்டு கசெல் என்று வந்தது. 1977-ஓடு அதுவும் நின்றது.

இன்றைக்கும் ஷெட்டில் ஒரு ஹெரால்டைப் போர்த்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினை எழுப்பிவிட எப்படியும் ஒரு பழைய மெக்கானிக் கிடைத்துவிடுவார். ஆளை அலையவிடுவது சக்கரம்தான். பள்ளத்தில் விழுந்து நெளிந்த டிஸ்க்கும், துரு தின்ற ரிம்மும் இருக்கும். மாற்று மட்டும் இருக்காது. நாலு ஓட்டை, பதின்மூன்று அங்குலம், இதில் என்ன கஷ்டம் என்று சென்னைப் புதுப்பேட்டையின் பழைய கார் பாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் பலர். கஷ்டம் அந்த நாலு ஓட்டையில்தான் இருக்கிறது.

டயர் கடைக்காரர்கள் பி.சி.டி. என்று ஓர் அளவு சொல்வார்கள். சக்கரத்தை மாட்டும் நாலு ஸ்டட்டின் நடுப்புள்ளிகளையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம். நாலு ஓட்டை டிஸ்க்கில் இதை அளப்பது சுலபம். ஓர் ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் போதும். ஹெரால்டுக்கு இது மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 100. பழைய மாருதி 800-க்கு 114.3. ஃபியட் பாலியோவுக்கு 98. நம் தெருவில் ஓடும் கார்களில் 95.25-ஐத் தேடினால் கிடைக்காது.

114.3 தொல்லை தராது. சக்கரம் ஸ்டட்டிலேயே ஏறாது, திரும்பி வந்துவிடுவீர்கள். பயப்பட வேண்டியது 98-க்குத்தான். ஹெரால்டின் ஸ்டட் ஒல்லி, ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குதான். பாலியோ டிஸ்க்கின் ஓட்டை அதைவிடப் பெரிது. ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆகவே சக்கரம் ஏறிவிடும், நட்டும் பிடித்துவிடும். கடைக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு, "சரியா உக்காந்துடுச்சு சார்" என்பார். உண்மையில் உட்காரவில்லை. இரும்பு டிஸ்க்கை நடுவில் நிறுத்துவது நட்டின் கூம்பு முனை. அந்தக் கூம்பு ஓட்டைக்குள் ஒரு பக்கம் மட்டும் அழுந்தி, மறு பக்கம் காற்றில் நிற்கிறது. வண்டி ஓட ஓட ஸ்டட் வளைந்து வளைந்து நிமிரும். ஒருநாள் ஒடியும். இரண்டு மில்லிமீட்டர்தானே, ரவுண்டு ஃபைல் போட்டு ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கித் தரேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையை விட்டு உடனே இறங்கிவிடுங்கள்.

பி.சி.டி. ஒத்துப்போனாலும் வேலை முடியவில்லை. டிஸ்க் டிரம்மில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை ஆஃப்செட் என்கிறார்கள். இன்றைய கார்களின் சக்கரத்தில் இந்த முகம் வெளிப்புறமாகத் தள்ளி இருக்கும். அதைப் பழைய வண்டியில் மாட்டினால் ரிம் உள்ளே போய் ஸ்டியரிங் கம்பியை உரசும்.

ஹெரால்டில் இது இன்னும் கண்டிப்பு. அந்தக் காரின் பெருமையே இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுவது. குறுகலான சந்திலும் ரிவர்ஸ் போடாமல் திருப்பலாம் என்று சொந்தக்காரர்கள் இன்றும் பீற்றிக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் அவ்வளவு திரும்ப வேண்டுமென்றால் முன்சக்கரம் அவ்வளவு சாய்ந்து மடங்க வேண்டும். நேராக நிற்கும்போது தாராளமாக இடம் தெரியும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால்தான் டயர் எங்கே இடிக்கிறது என்று தெரியவரும். ஆகவே கடையிலேயே இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள்.

பின்சக்கரத்தை ஜாக்கியில் வைத்துப் பார்ப்பது வீண். ஹெரால்டின் பின் ஆக்சில் நடுவில் மடங்கி ஆடும் ரகம். தூக்கினால் சக்கரத்தின் அடி உள்பக்கமாக மடிந்து தொங்கும். இறக்கி, பின்சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, அப்புறம் இடைவெளி பாருங்கள். இந்த ஆக்சிலை நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கசெல் வந்தபோது வழக்கமான ஒற்றை ஆக்சிலுக்கு மாறிவிட்டார்கள்.

சரி, எங்கேதான் கிடைக்கும்? ஓடாமல் நிற்கும் இன்னொரு ஹெரால்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு உறவுக்காரர்கள் நிறைய. ஸ்பிட்ஃபயர், வைட்டெஸ், ஜி.டி.6 எல்லாவற்றுக்கும் அதே மூன்றே முக்கால் அங்குலம். மினிலைட் வடிவ அலாய் சக்கரங்களை இந்த அளவில் இன்றும் வார்க்கிறார்கள். வரவழைக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் அலாய் தடிமனாக இருக்கும், பழைய ஸ்டட்டின் நீளம் போதாது. நட்டைக் கையால் திருகி எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். எட்டு, ஒன்பது சுற்றாவது மரை பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நீள ஸ்டட் போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் டிக்கியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அதிகம் ஓடாத ஸ்டெப்னி அங்கே நல்ல நிலையில் கிடக்கலாம். மற்ற நாலில் வெறும் நெளிவு என்றால் பெண்ட் எடுக்கிற பட்டறையில் நிமிர்த்திவிடலாம். மேல் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். ஸ்டட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் வெல்டிங் யோசனையே வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். டயருக்கு 145/80 ஆர்13 போதும். ஆதி ரிம்மின் அகலம் மூன்றரை அங்குலம்தான், அதில் அகல டயரை அமுக்கி ஏற்றினால் ஓரம் உப்பிக்கொண்டு வளைவில் அசையும். அந்தக் காலத்து ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது, ஆகவே ட்யூப் போட்டே ஓட்டுங்கள்.

மாட்டியாயிற்றா? நேராக வெளியூர் கிளம்பாதீர்கள். உள்ளூரில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த டிஸ்க் என்றால் நட் உட்காரும் குழியில் பெயிண்ட் நசுங்கி, கால் சுற்றாவது தளர்ந்திருக்கும். பெயிண்ட் அடிக்கும்போதே அந்தக் குழியில் டேப் ஒட்டச் சொல்லிவிடுங்கள்.