மூட்டையா, கிலோவா?

போன எபிசோடில் ஏஐ ஏஜென்ட்னா என்னன்னு பேசினோம். இன்னைக்கு, அந்த ஏஜென்ட் கையில நாம கொடுக்கிற டூல்களுக்கு விளக்கம் எழுதுறதைப் பத்திப் பேசப் போறோம். டாக்குமென்டேஷன்னு சொன்னதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. அதை ஒழுங்கா எழுதாம நான் மாட்டிக்கிட்ட கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மதுராந்தகத்துல எங்க அப்பா மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கார். ஒரு லீவுல ஊருக்குப் போனப்போ அவருக்கு ஒரு ஏஜென்ட் செஞ்சு கொடுத்தேன். போன்ல பேசினா போதும், இருப்பு பார்த்துச் சொல்லும், மொத்த வியாபாரிக்கு ஆர்டரும் அனுப்பும். ஒரு நாள் அப்பா, "கடலைப் புண்ணாக்கு ஐந்நூறு கிலோ சொல்லிடு"ன்னார். கொஞ்ச நேரத்துல வியாபாரி கிட்ட இருந்து போன்: "அண்ணே, ஐந்நூறு மூட்டை போட்டிருக்கீங்களே, இறக்கி வைக்க இடம் இருக்கா?"

ஒரு மூட்டை 50 கிலோ. வர வேண்டியது 10 மூட்டை. போன ஆர்டர் 25 டன். அந்த மனுஷன் போன் பண்ணாம விட்டிருந்தா, கடையோட முதல் மொத்தமும் புண்ணாக்கா மாறியிருக்கும்.

அப்பா திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைப்பையனா இருந்தா, மூட்டையா கிலோவான்னு கேட்டிருப்பான்ல?"

நான் எழுதியிருந்த டூல் விளக்கம் இவ்வளவுதான்: "பொருளை ஆர்டர் செய்யும்." உள்ளீடு ரெண்டு: பொருள், அளவு. அளவுன்னா மூட்டைன்னு எனக்குத் தெரியும், கோட்லயும் இருக்கு. ஆனா ஏஜென்ட் என் கோடைப் பார்க்கிறதே இல்ல. நான் பயன்படுத்தினது எம்சிபி, அதாவது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். அதுல ஒரு டூலைப் பத்தி மாடலுக்கு முக்கியமா மூணு விஷயம் போகும்: பேர், விளக்கம், உள்ளீடுகளோட ஸ்கீமா. மாடலுக்கு அந்த எழுத்துதான் டூல். அதுல ஓட்டை இருந்தா மனுஷன் கேட்டு அடைப்பான். மாடல் பல நேரம் ஊகிச்சு அடைச்சிடும்.

அப்போ, நம்மகிட்ட வந்து கேட்காத ஒருத்தருக்கு எப்படி எழுதுறது? அதுக்கு எங்க ஊர் பக்கத்துலயே ஒரு பாடம் இருக்கு: உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற குடவோலைக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலம். 919-ல ஒண்ணு, 921-ல திருத்தி எழுதின இன்னொண்ணு. நம்ம பாஷையில வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு! "தகுந்த வயசு"ன்னு சும்மா விடல. முதல்ல 30 முதல் 60, அப்புறம் 35 முதல் 70-ன்னு மாத்தியிருக்காங்க. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு. யார் வரக் கூடாதுன்னும் தனியா இருக்கு: கணக்குக் காட்டாதவர், அவரோட இன்னின்ன உறவுக்காரங்க. குடத்துல இருந்து ஓலையை எடுக்கிறது விவரம் தெரியாத சின்னப் பையன். அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். எழுதினவங்க இப்போ இல்ல. சந்தேகம் கேட்கவும் முடியாது. ஆனா இன்னைக்குப் படிச்சாலும் தேர்தல் எப்படி நடந்துச்சுன்னு புரியுது.

அதை மனசுல வெச்சு என் டூலைத் திருத்தினேன். "அளவு"ங்கிற பேரை "மூட்டை எண்ணிக்கை"ன்னு மாத்தினேன். பாதிப் பிரச்சினை அதுலயே முடிஞ்சுது. விளக்கம் இப்போ இப்படி: "மொத்த வியாபாரிக்கு ஆர்டர் அனுப்பும். அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. இருப்பு பார்க்க இதைப் பயன்படுத்தக் கூடாது. கிலோவில் சொன்னால் முதலில் மூட்டை எடையைப் பார்த்து மாற்றவும். எது என்று தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்கவும்."

பிழைச் செய்தியையும் மாத்தினேன். வெறும் "தவறான உள்ளீடு"ன்னு வந்தா ஏஜென்ட்டும் நம்மள மாதிரியே முழிக்கும். என்ன தப்பு, அடுத்து என்ன செய்யணும்னு அதுலயே இருக்கணும்.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு நல்லா எழுதினாலும் மாடல் தவறலாம். அதனால 40 மூட்டைக்கு மேல போனா அப்பா சரின்னு சொல்லாம ஆர்டர் போகாதுன்னு கோட்லயே தடுப்பு வெச்சேன். விரிச்ச கை மாதிரி. அதே சமயம் தெரிஞ்சதையெல்லாம் விளக்கத்துல கொட்டவும் வேண்டாம், முக்கியமானது அமுங்கிடும்.

இதை எழுதும்போதுதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. தவிட்டு மூட்டை 50 கிலோ இல்லையாம். எனக்கே தெரியாது! அது அப்பா தலைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு.

இந்த வாரம் நீங்க எழுதின ஒரு டூலோட விளக்கத்தை மட்டும், அந்த புராஜெக்ட்டே தெரியாத ஒரு ஃப்ரெண்ட் கிட்ட கொடுங்க. அவங்க கேட்கிற முதல் கேள்விதான் நீங்க எழுத மறந்த வரி.

அப்பா இப்பவும் அந்த ஏஜென்ட்டைப் பயன்படுத்துறார். ஆனா "பத்து மூட்டை... மூட்டை!"ன்னு ரெண்டு தடவை சொல்றார். நம்பிக்கை திரும்பி வர கொஞ்ச நாள் ஆகும் போல. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.